எத்தனை வேளை, எத்தனை கிராம்? மலைநடைக்கு ஓர் உணவுக் கணக்கு



சென்ற மாதம் எமது வானொலியின் சனிக்கிழமை நிகழ்ச்சியில், பல நாள் மலைநடைக்கு உணவு கொண்டு போவது பற்றிப் பேசியிருந்தேன். நிகழ்ச்சி முடிவதற்குள் நிலையத் தொலைபேசி நாலைந்து தடவை அடித்துவிட்டது. அழைத்தவர்களில் கூடுதலானோர் தாய்மார். பிள்ளை டியூக் ஒவ் எடின்பரோ விருதுக்காகக் காட்டுக்குப் போகிறது, எவ்வளவு சாப்பாடு கட்டிக் கொடுப்பது என்பதே அவர்களுடைய கேள்வி. அந்த விருதின் வெண்கல நிலைக்கு ஓர் இரவும், வெள்ளிக்கு இரண்டு இரவும், தங்கத்துக்கு மூன்று இரவும் வெளியில் தங்க வேண்டும். வானலையில் எண்களைச் சொன்னால் அவை காதோடு போய்விடும். ஆகவே அன்று சொன்னதை இங்கே எழுத்தில் தருகிறேன்.

நான் மலையேறும் வீரன் அல்ல. வரிக்கணக்குப் பார்ப்பவன். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு முறை பிழை விட்டு, அதற்கான விலையை என்னுடைய மகள் கொடுக்கக் கண்டவன்.

14 கிலோ கதை

2017 ஆம் ஆண்டு பெப்ரவரியில், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகளுடன் தாஸ்மேனியாவின் ஓவர்லாண்ட் பாதையில் நடக்கப் போனேன். கிறேடில் மலையடியில் தொடங்கி சென் கிளேயர் ஏரியில் முடியும் பாதை அது. ஏறத்தாழ 65 கிலோமீற்றர். பெரும்பாலானோர் ஆறு நாட்களில் நடப்பார்கள். இடையில் கடை இல்லை. தங்குவதற்குக் குடில்கள் உண்டு, ஆனால் சமைக்க அடுப்பு இல்லை. அடுப்பையும் காஸையும் நாமே சுமக்க வேண்டும். குப்பையையும் நாமேதான் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

நானும் மனைவியும் இரண்டு இரவாக இருந்து சாமான் கட்டினோம். அரிசி, பருப்பு, புட்டுமா, ரின் மீன், பிஸ்கற், கச்சான், பால்மா என்று இரண்டு பேருக்கு 14 கிலோ வந்தது. 10 கிலோவை நான் எடுத்தேன், 4 கிலோவை மகள் எடுத்தாள். என்னுடைய பை மொத்தம் 24 கிலோ, அவளுடையது 13.

முதல் நாளே மேரியன்ஸ் லுக்கவுட் என்ற செங்குத்தான ஏற்றத்தில், சங்கிலியைப் பிடித்து ஏறும்போது முழங்கால் நொந்தது. மூன்றாம் நாள், விண்டமியரிலிருந்து பீலியன் குடிலுக்குப் போகும் ஏறத்தாழ 17 கிலோமீற்றர் நடையில், கால் வீங்கிவிட்டது. மகள் ஒன்றும் பேசாமல் என் பையைத் திறந்து 4 கிலோவைத் தன் பைக்குள் மாற்றினாள். 52 கிலோ எடையுள்ள பிள்ளை 17 கிலோவைச் சுமந்து பின்னேரம் வரை நடந்தாள். குடிலில் பையை இறக்கிய பிறகுதான் கேட்டாள்: "அப்பா, இவ்வளவும் ஆருக்கு?"

ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது 5 கிலோ மிச்சம் இருந்தது.

ஆருக்கு என்ற கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தேன். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, மழைக்குள் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அம்மா என் தோளில் 10 கிலோ அரிசிப் பையை ஏற்றிவிட்டா. நாவற்குழிப் பாலத்தில் நெரிசலுக்குள் நின்றபோது அதைப் போட்டுவிட்டுப் போகலாம் என்று எனக்குப் பல தடவை தோன்றியது. போடவில்லை. அந்த அரிசிதான் சாவகச்சேரியில் எங்கள் ஐந்து பேருக்கும் பன்னிரண்டு நாள் கஞ்சியாயிற்று.

அம்மாவின் கணக்குப் பிழையில்லை. எத்தனை நாள் என்று தெரியாதபோது, தூக்கக்கூடிய அளவை எடுப்பதுதான் புத்தி. ஆனால் ஓவர்லாண்ட் பாதையில் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். நாள் தெரிந்த பயணத்துக்கும், நாள் தெரியாத பயணத்தின் கணக்கையே போட்டுவிட்டேன். எங்கள் வீடுகளில் பலரும் இதைத்தான் செய்கிறோம்.

முதலில் வேளைகளை எண்ணுங்கள்

ஆறு நாள் நடை என்றால் ஆறு நாள் சாப்பாடு வேண்டும் என்று நினைப்போம். அது சரியல்ல. முதல் நாள் காலை உணவை வெளியில் சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்குகிறோம். கடைசி நாள் இரவு ஊருக்குள் வந்துவிடுகிறோம். ஆகவே காலை உணவு 5, மதிய உணவு 6, இரவு உணவு 5, மொத்தம் 16 வேளை. மூன்று வேளையை ஒரு நாளாக எடுத்தால் இது ஐந்து நாளும் ஒரு வேளையும். இரண்டு வேளை அங்கேயே குறைந்துவிட்டது.

அடுத்தது சக்தியின் அளவு

சும்மா இருக்கும் நாளில் என் போன்ற 75 கிலோ எடையுள்ள ஆணுக்கு 2,200 கலோரி அளவில் போதும். பையோடு ஐந்தாறு மணி நேரம் மலையில் நடந்தால் இன்னும் 1,000 கலோரி அளவில் கூடும். எனக்கு 3,200, மகளுக்கு 2,700 என்று வைத்துக்கொண்டேன். ஆளுக்கு ஆள், குளிருக்குக் குளிர் இது மாறும். வளரும் பையன்கள் என்னை விடக் கூடச் சாப்பிடுவார்கள்.

இந்தக் கலோரியை எந்த எடையில் வாங்குகிறோம் என்பதுதான் முக்கியமான விடயம். 100 கிராமுக்கு அப்பிள் 50 கலோரி அளவில் தரும், சமைத்த சோறு 130, பேரீச்சம்பழம் 280, சமைக்காத அரிசியும் பருப்பும் 350, பால்மா 500, கச்சான் 570, நெய் 900க்குச் சற்றுக் குறைவு. தண்ணீர் நிறைந்த உணவைச் சுமப்பது காசு கொடுத்துத் தண்ணீர் தூக்குவது போன்றது. மாவும் புரதமும் ஒரு கிராமுக்கு 4 கலோரி தருகின்றன, கொழுப்பு 9 தருகிறது. வைத்தியர் நெய்யைக் குறைக்கச் சொன்னவர்களும் மலையில் ஒரு கரண்டி கூட விடுவதற்கு இதுதான் காரணம்.

எல்லாம் சேர்ந்த சராசரி 100 கிராமுக்கு 400 கலோரி வரும்படி பாருங்கள். இந்த நாட்டுப் பக்கற்றுகளில் கிலோஜூல் கணக்கில் போட்டிருப்பார்கள். 100 கிராமுக்கு 1,700 கிலோஜூல் என்றால் அது 400 கலோரிக்குக் கிட்ட வரும்.

இந்த அளவில் எனக்கு ஒரு நாளைக்கு 800 கிராம், மகளுக்கு 675 கிராம். இரண்டும் சேர்ந்து 1,475 கிராம். அதை 16 வேளைக்குப் பெருக்கி மூன்றால் பிரித்தால் 7.9 கிலோ. நாங்கள் கொண்டு போனதோ 14.

என்னுடைய ஒரு நாள் உணவு இதுதான். காலையில் ஓட்ஸ் 80 கிராம், பால்மா 30, முந்திரிகை வற்றல் 30. நடக்கும்போது கொறிக்கக் கச்சான் 80, பேரீச்சம்பழம் 50, எள்ளுருண்டை 60. மதியம் ரொட்டி 120, சீஸ் 50, சொக்கிலேற் 40. இரவில் அரிசி 110, மைசூர்ப் பருப்பு 50, நெய் 20, வறுத்த நெத்தலித்தூளும் உலர்ந்த மரக்கறியும் தூள்வகையும் 25. தேநீருக்குப் பால்மாவும் சீனியும் 40. கூட்டிப் பார்த்தால் 785 கிராம், ஏறத்தாழ 3,200 கலோரி.

குறைத்து எடுப்பதும் ஆபத்து

இதை வாசித்துவிட்டு இரண்டு பக்கற் நூடில்ஸோடு பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள். தாஸ்மேனிய மலையில் கோடையிலும் பனி கொட்டுவதுண்டு. நனைந்து, களைத்து, பசித்திருக்கும் உடம்பு தன் சூட்டைக் காப்பாற்ற முடியாமல் போகும். மனம் தடுமாறும், கால் தடக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். உணவுதான் அந்த உடம்புக்கு விறகு. சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர்கள் நடக்கும் நாட்களுக்கான மருந்தின் அளவை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அச்சத்துக்கு ஒரு வரி

வர்த்தகம் படித்தவர்களுக்கு ஐயறவுக் கடன் ஏற்பாடு என்பது நினைவிருக்கும். கடன்பட்டோரில் சிலர் பணம் தராமல் விடலாம் என்று வியாபாரிக்குத் தெரியும். அதற்காக அவர் ஒவ்வொருவருடைய கணக்கையும் பாதியாக வெட்டுவதில்லை. மொத்தத்துக்கும் சேர்த்து ஓர் ஏற்பாட்டை, தனி வரியில் வைக்கிறார்.

2017 இல் நாங்கள் அச்சத்தை மூன்று இடத்தில் கூட்டியிருந்தோம். ஆறு நாளை ஏழாக்கினோம். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கை கூடப் போட்டோம். அதன் பிறகும் "எதற்கும் இருக்கட்டும்" என்று ரின்களை வைத்தோம். இப்போது வேளைக் கணக்கில் ஒரு கிராமும் கூட்டுவதில்லை. கடைசியில் ஒரு தனிப் பை வைக்கிறேன். சமைக்காமல் சாப்பிடக்கூடிய கச்சான், எள்ளுருண்டை, சொக்கிலேற், பிஸ்கற். இருவருக்கு 800 கிராம், ஆளுக்கு 2,000 கலோரி அளவில். ஒரு நாள் புயலில் முடங்கினால் அதுதான் சாப்பாடு. அதோடு மொத்தம் 8.7 கிலோ.

காஸையும் கணக்கில் சேருங்கள்

எங்கள் சமையலில் மறைந்திருக்கும் செலவு காஸ். புழுங்கலரிசியும் கடலையும் அடுப்பில் நேரமெடுக்கும். பச்சையரிசியும் மைசூர்ப் பருப்பும் சீக்கிரம் வேகும், குடிலுக்கு வந்தவுடன் ஊறப்போட்டால் இன்னும் சீக்கிரம். சமைப்பதற்கு முன்னும் பின்னும் காஸ் கலனைச் சமையலறைத் தராசில் வைத்து வீட்டிலேயே அளந்து பாருங்கள். எங்கள் அடுப்பில் இருவருக்கு ஒரு நாளைக்கு 45 கிராம் போயிற்று. ஐந்து நாளைக்கு 225. காற்றுக்கும் குளிருக்கும் இடம் விட்டு, 230 கிராம் கலன் ஒன்றும் 100 கிராம் கலன் ஒன்றும் எடுத்தோம். காஸ் கலனை விமானத்தில் கொண்டுபோக முடியாது, தாஸ்மேனியாவில் இறங்கித்தான் வாங்க வேண்டும். புதிய பழங்கள், மரக்கறிகள் பலவற்றையும் அந்த மாநிலத்துக்குள் கொண்டுபோகத் தடை உண்டு.

பையில் அடுக்கும் முறை

ஒவ்வொரு நாளின் உணவையும் தனிப் பொலித்தீன் பையில் போட்டு, நாளையும் எடையையும் எழுதுங்கள். இது சில்லறைக் காசேடு போல. இன்றைய பையில் இருப்பதைத்தான் இன்று செலவழிக்கலாம். பாரமானதை முதல் இரண்டு நாட்களில் முடியுங்கள். வெளியே பையைக் கவனியாமல் விடாதீர்கள். கரவொங் என்ற கறுப்புப் பறவை சிப்பைத் தானே இழுத்துத் திறந்து உணவை எடுத்துவிடும்.

பிள்ளைகளின் பை அவர்களுடைய எடையில் கால் பங்குக்கு மேல் போகாமல் பாருங்கள். 52 கிலோ பிள்ளைக்கு அது 13 கிலோ. கூடாரமும் படுக்கைப் பையும் தண்ணீரும் இதற்குள்தான் அடங்க வேண்டும். நீங்கள் அன்போடு வைக்கும் ஒவ்வொரு ரின்னையும் ஏற்றத்தில் தூக்கப்போவது பிள்ளையின் முழங்கால்.

2019 மார்ச்சில் மகளும் நானும் அதே பாதையில் மீண்டும் நடந்தோம். விண்டமியரில் காற்றும் மழையும் ஒரு நாள் முழுவதும் எங்களைக் குடிலுக்குள் அடைத்து வைத்தன. ஏற்பாட்டுப் பையைத் திறந்து சாப்பிட்டோம். அடுத்த நாள் நடந்தோம். ஏரிக்கரையில் இறுதி இருப்பு 300 கிராம் ஓட்ஸும் கொஞ்சம் கச்சானும். முழங்கால் நோகவில்லை. மகளுடைய பையை அவள் மட்டுமே சுமந்தாள், என்னுடையதை நான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கணக்குப் பிழைக்கும். புறப்படும் காலையில் மனைவி எனக்குத் தெரியாமல் பக்கப் பைக்குள் ஒரு பொதி எள்ளுருண்டை வைத்திருந்தா. கண்டுபிடித்துத் தராசில் வைத்தேன். 240 கிராம். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ஏற்பாட்டுப் பையில் அதே அளவு பிஸ்கற்றை வெளியே எடுத்துவிட்டு, அதை உள்ளே வைத்தேன். விண்டமியரில் மழைக்குள் நாங்கள் முதலில் பிரித்தது அந்தப் பொதியைத்தான்.

கேள்விகள் இருந்தால் நிகழ்ச்சி நேரத்தில் அழையுங்கள். மீண்டும் வானலையில் சந்திப்போம். வணக்கம்.