உங்களுக்குத் தெரியுமா?

புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் உள்ள கடலோர ஊர் காளிக்குப்பம். அங்கே தெருவோரம் ஒரு கணினியை வைத்து, அதில் மரபணு, அதாவது டி.என்.ஏ. பற்றிய பாடங்களை ஆங்கிலத்தில் ஏற்றிவிட்டுப் போனார் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா. ஆசிரியர் கிடையாது. பிள்ளைகளோ தமிழ் மட்டுமே புழங்கும் 10 முதல் 14 வயதுக்காரர்கள்.

தொடக்கத்தில் 100க்கு 7 மதிப்பெண். தாங்களாகவே கூடிப் பேசிப் படித்த பிறகு 30. அதன் பின் உள்ளூர் இளம்பெண் ஒருவர் துணைக்கு வந்தார். உயிரியல் அவருக்கும் தெரியாது. பின்னால் நின்று, ‘அடடே, இது என்ன? எனக்கும் சொல்லேன்!’ என்கிற பாங்கில் ஊக்கம் மட்டும் கொடுத்தார். மதிப்பெண் 51 ஆனது! டெல்லித் தனியார் பள்ளியில் இதே பாடம் படித்த மாணவர்களின் அளவு அது.

ரித்து டங்வாலுடன் சேர்ந்து மித்ரா எழுதிய இந்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒரே ஓர் ஊரில் நடந்த சோதனைதான். ஆசிரியரே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை.

இன்று மாலை உங்கள் பிள்ளை கைப்பேசியில் பாடம் பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்து ‘இது என்ன கண்ணு?’ என்று கேளுங்கள். படிப்பறியாத பாட்டியும் கேட்கலாம்.