தூணின் மெய்யான நீளம்

மதுரையை அடுத்த திருமங்கலத்தின் கடைவீதிகளில் எழும் புதிய கட்டடங்கள் பலவற்றுக்கு ஒரு பொது அமைப்பு உண்டு. கீழ்த்தளம் கடைகளுக்கென உயரமாக, குறுக்குச் சுவர் குறைந்து, முகப்பில் ஷட்டர் மட்டும் கொண்டு நிற்கும். மேல்தளங்களிலோ அறைதோறும் செங்கற்சுவர். சுவருக்கு வெளியே துருத்தலாகாது என்று தூண்களை ஒன்பது அங்குல அகலத்தோடு நிறுத்திவிடுவதும் வழக்கம். இத்தூண் எவ்வளவு சுமை தாங்கும் என்று கேட்டால் அதன் பருமனையும் கம்பிகளின் எண்ணிக்கையையும் காட்டுவார்கள். அது பாதி விடைதான். மற்றப் பாதி, தூணின் இரு முனைகளும் எவ்வாறு பிடிக்கப்பட்டுள்ளன என்பதில் அடங்கியிருக்கிறது.

தூண் இருவகையில் தோற்கும். குட்டையாகப் பருத்த தூண், சுமை மிகும்போது நொறுங்கும். மெலிந்து நெடிய தூணோ நொறுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் நெளிந்துவிடும். தென்னை ஈர்க்கு ஒன்றைத் தரையில் ஊன்றி உச்சியை விரலால் அழுத்திப் பாருங்கள். அது நசுங்குவதில்லை, வில்லாய் வளைகிறது. பாதியாக ஒடித்து அழுத்தினால், அதை வளைக்க ஏறத்தாழ நான்கு மடங்கு விசை வேண்டும். நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாக நெளிவுச்சுமை குறையும் என்னும் இவ்வுறவை 1744-இல் கணிதமாக வகுத்தவர் லியோனார்டு ஆய்லர். அவர் சமன்பாட்டில் பொருளின் நொறுங்கு வலிமைக்கு இடமே இல்லை என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. பொருளின் மீள்விறைப்பு, வெட்டுமுகத்தின் வடிவம், நீளம் ஆகியவையே அதில் உள்ளன. வலிமை மிக்க எஃகைக் கொண்டுவந்து சேர்ப்பதால் மட்டும் நெளிவு விலகிவிடாது. 1907 ஆகஸ்டு 29-இல் கனடாவின் கியூபெக் பாலம் கட்டுமானத்தின்போதே சரிந்து 75 தொழிலாளர் மாண்டனர். அழுத்தம் தாங்கிய எஃகு உறுப்புகள் நெளிந்ததில் தொடங்கிய அழிவு அது.

சமன்பாட்டில் வரும் நீளம் அளவுநாடா காட்டும் நீளமன்று; அது பயனுறு நீளம். இரு முனைகளும் திரும்பவோ நகரவோ இயலாதபடி இறுகப் பிடிக்கப்பட்ட தூண், தன்னில் பாதி நீளமுள்ள தூணைப் போல் நடந்துகொள்ளும். அடி மட்டும் இறுகி உச்சி விடுபட்டு நின்றால், அதே தூண் இருமடங்கு நீளமுள்ளதாகிவிடும். இவ்விரண்டின் நெளிவுச்சுமைக்கும் இடையே 16 மடங்கு வேறுபாடு! கல்லோ கம்பியோ கூட்டாமல், முனைகளைப் பிடிக்கும் முறையால் மட்டுமே விளையும் வேறுபாடு இது.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபம் 1569-இல் அரியநாத முதலியாரால் எழுப்பப்பட்டது. அதன் 985 தூண்களும் முனைகளை இறுகப் பிடிக்காத வேறொரு நெறியில் நிற்பவை. தூணின் தலையில் போதிகை, போதிகையின்மேல் உத்திரம், அதன்மேல் கற்பலகை என ஒவ்வொன்றும் தன் எடையால் அமர்ந்திருக்கிறது. ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கும் சந்தி அங்கே இல்லை. தூண்களின் பருமனும் மேற்கூரையின் பெரும் எடையுமே அதனை நிலைநிறுத்துகின்றன.

கான்கிரீட் சட்டகத்தின் நெறி இதற்கு மாறானது. அங்கே உத்திரக் கம்பிகள் தூணுக்குள் புகுந்து நங்கூரமிடுகின்றன. தூணின் கம்பிகள் சந்தியைக் கடந்து மேலேறுகின்றன. எல்லாம் ஒரே உடலாக வார்க்கப்படுகின்றன. பக்கவாட்டில் காற்று தள்ளும்போது சட்டகம் முழுதும் சாய்ந்தாலும், தூணுக்கும் உத்திரத்துக்கும் இடைப்பட்ட செங்கோணம் சந்தியில் சிதையாமல் நிற்க முயல்கிறது. அதனால் தூண் ஒரே வில்லாக வளையாமல், மேற்பாதி ஒருபுறமும் கீழ்ப்பாதி மறுபுறமுமாக இரட்டை வளைவு கொள்கிறது. தலை விடுபட்டு நிற்கும் தூணை நோக்க, அசைவை எதிர்க்கும் விறைப்பு இங்கே நான்கு மடங்கு. உத்திரம் மெலிந்திருந்தால் இப்பயன் சுருங்கிவிடும். அது வளைந்து கொடுக்கையில் தூணின் தலையும் திரும்பிவிடுகிறது.

இனி நம் கடைக்கட்டடத்துக்கு வருவோம். கீழ்த்தளத் தூணின் உயரம் 4.2 மீட்டர், அகலம் 230 மில்லிமீட்டர் என்று கொள்வோம். சட்டகம் பக்கவாட்டில் அசையாது என்றால், இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456 கூறும் 0.65 என்னும் பெருக்கெண்ணின்படி பயனுறு நீளம் 2.73 மீட்டர். அகலத்தால் வகுத்தால் ஏறத்தாழ 11.9. இவ்விகிதம் 12-க்குக் குறைந்தால் அது குட்டைத்தூண். ஆகவே தூண் மயிரிழையில் தேறுகிறது. அசைவைத் தடுக்கச் சுவரில்லை என்றால் பெருக்கெண் 1.2. அப்போது பயனுறு நீளம் 5.04 மீட்டர், விகிதம் 22-ஐ நெருங்குகிறது. நெளிவுச்சுமை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. அதே தூண், அதே கம்பி!

மேல்தளங்கள் சுவர்களால் விறைத்து நிற்க, அசைவு முழுவதும் கீழ்த்தளத்தில் குவிகிறது. சாய்ந்த தூணின்மேல் மேற்சுமை விலகி நின்று இன்னும் சாய்க்கிறது. 2001 ஜனவரி 26-இல் பூஜ் நிலநடுக்கத்தின்போது அகமதாபாத்தில் வீழ்ந்த அடுக்ககங்களில் பல, கீழ்த்தளத்தை வண்டி நிறுத்தத் திறந்துவிட்டவை. நிலநடுக்கமே இல்லாமலும் வீழ்ச்சி நேரும். 2014 ஜூன் 28-இல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். கட்டமைப்பு வடிவமைப்பின் குறைகளை விசாரணை ஆணையம் சுட்டியது.

தூணுக்குள்ளும் தூண்கள் உண்டு. ஒவ்வொரு நெடுங்கம்பியும் அழுத்தம் தாங்கும் மெல்லிய தூணே. கம்பி கட்டுவோர் ‘ரிங்’ என்னும் வளையங்களே அதன் முனைகளைப் பிடிப்பவை. 12 மில்லிமீட்டர் கம்பிக்கு வளைய இடைவெளி அதன் விட்டத்தைப்போல் 16 மடங்கை, அதாவது 192 மில்லிமீட்டரை மிஞ்சலாகாது. ஆயினும் உத்திரக் கம்பிகள் நெருங்கிக் கிடக்கும் சந்தியில்தான், கை நுழையவில்லை என்று வளையங்களை விட்டுவிடுகிறார்கள். சட்டகத்தின் உயிர்நிலையையே அவிழ்த்துவிடும் செயல் இது; மன்னிக்கத்தக்கதன்று.

திருமங்கலத்துக்கு மற்றொரு சோதனை அதன் கரிசல் மண். மழையில் உப்பி, கோடையில் சுருங்கும் இம்மண்ணில் ஒரு தூண் மட்டும் இறங்கினால், இறுகிய சட்டகமெங்கும் கூடுதல் வளைவிசை பரவும். ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய நிலங்களுக்கெனவே அடி விரிந்த குத்துத்தூண் அடித்தளத்தை வளர்த்தெடுத்தது.

வீடு கட்டுவோர் கான்கிரீட் ஊற்றும் நாளுக்கு முன்னாளே சாரத்தில் ஏறிச் சந்திகளைப் பாருங்கள். வளையங்கள் சந்திக்குள்ளும் தொடர்கின்றனவா, அவற்றின் கொக்கிகள் 135 பாகைக்கு உட்புறமாய் மடிக்கப்பட்டுள்ளனவா என்று பொறியாளரைக் கேளுங்கள். இல்லையெனில், அவை கட்டி முடிக்கப்படும்வரை ஊற்ற இசையாதீர்கள்.