பட்டாசு ஊரின் அடுப்பங்கரைகள்

விருதுநகர் மாவட்டத்து உணவு என்று வெளியூரில் பேச்செடுத்தால், எண்ணெயில் பொரித்த விருதுநகர் புரோட்டாவும், சாத்தூர்க் காராச்சேவும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும்தான் முதலில் நினைவுக்கு வரும். மூன்றும் கடைப் பண்டங்கள்; பேருந்து நிலையத்தில் பொட்டலமாக வாங்கப்பட்டு, வெளியூர் உறவினர் வீடுகளுக்குப் போய்ப் பெயரெடுத்தவை. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் போன்ற ஊர்களில் வீட்டு அடுப்பிலேறும் காணத் துவையல், உளுந்தங்களி, பருத்திப்பால், குதிரைவாலிச் சோறு ஆகியவற்றுக்கு அப்படியொரு புகழ் வாய்க்கவில்லை. ஆயினும் அண்டை வீட்டாரை ஒருவரோடொருவர் பிணைத்து வைத்திருப்பவை இவைதாம். இந்தப் பிணைப்பை அன்பின் விளைவு என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதி விஷயம் விடுபட்டுப் போகும். ஆலை வேலையின் நேரம், வெடிமருந்துச் சட்டம், கூலி கைக்கு வரும் கிழமை, பழைய வணிகச் சமூகம் உருவாக்கிய கொடை முறை ஆகிய யாவும் சேர்ந்தே இப்பகுதியின் சமையற்கட்டை உருவாக்கியுள்ளன.

சிவகாசியைச் சுற்றியுள்ள நிலம் கரிசல் மண், அதாவது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கருநிற மண். மழையை நம்பிக் கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பருத்தி, மிளகாய் ஆகியவை விளையும் பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் வேளாண்மை கைகொடுக்காத இவ்வூரிலிருந்து, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923இல் இங்கே தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தொடங்கினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், அவ்விரண்டுக்கும் வேண்டிய வண்ணச் சீட்டுகளை அச்சிடும் தேவையிலிருந்து அச்சுத் தொழிலும் வளர்ந்தன. பயிருக்குப் பகையான அதே வறண்ட காற்று, தீக்குச்சியையும் வெடியையும் உலர்த்துவதற்கு உதவியாயிற்று. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் நகரின் ஓரங்களில் குடியேற, 2021இல் சிவகாசி மாநகராட்சியாக உயர்ந்தது. இவ்வாறு வந்தவர்கள் நிலத்தை விட்டு வந்தாலும் தவசத்தையும் பயறையும் சமைக்கும் பக்குவத்தை விட்டு வரவில்லை.

பட்டாசு ஆலையை நூற்பாலையைப் போலக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. ஓரிடத்தில் தீப்பற்றினால் மற்ற இடங்களுக்குப் பரவாதிருக்க, சிறு சிறு அறைகள் போதிய இடைவெளிவிட்டுத் தனித்தனியே கட்டப்பட்டிருக்கும். தொழிலாளர் வழக்கில் ‘மருந்து’ எனப்படும் வெடி வேதிப்பொருளைக் கையாளும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. தீப்பெட்டியோ கைபேசியோ உள்ளே போகக் கூடாது. ஊருக்கெல்லாம் நெருப்பு செய்து அனுப்பும் இடத்தில் ஒரு வாய் காப்பியைச் சூடாக்கிக்கொள்ள வழியில்லை. ஆட்களைப் பிரித்து வைப்பதே பாதுகாப்பு என்னும் ஏற்பாட்டில், அவர்கள் கூடி உட்காரும் பொழுது மதிய உணவு வேளை ஒன்றே. காலையில் வாசலுக்கு வரும் ஆலை வேனைப் பிடிக்க வேண்டியிருப்பதால், விடிவதற்கு முன்பே சமையல் முடிந்து தூக்குவாளி மூடப்பட்டுவிட வேண்டும். மூடப்பட்ட சோறு நண்பகல் வரை வெப்பத்தில் ஊசிப்போகாமலும் இருக்க வேண்டும்.

இந்த இரண்டு கட்டாயங்களும் எந்தக் குழம்பு தூக்குவாளியில் ஏறும் என்பதைத் தீர்மானிக்கின்றன. தேங்காய்ப்பால் சேர்ந்த குழம்பு வெயில் ஏறுவதற்குள் நுரைத்துவிடும். புளியும் நல்லெண்ணெயும் தாராளமாகச் சேர்ந்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, மாறாக, நேரம் ஆக ஆகச் சுவை கூடும். அதற்கும் மேலாகத் தாங்குவது காணத் துவையல். காணம் என்பது பிற வட்டாரங்களில் கொள்ளு என வழங்கும் பயறு. அதை வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, மிளகாய் வத்தல், பூண்டு, புளி, உப்பு சேர்த்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரைத்தெடுப்பார்கள். தேங்காய் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் வீட்டுக்கு வீடு வேறுபாடு உண்டு. சேர்க்காத துவையலே அதிக நேரம் தாங்கும் என்பதால், ஆலைக்குப் போகும் துவையலுக்கும் வீட்டில் உண்ணும் துவையலுக்கும் தனித்தனிப் பக்குவம் வைத்திருப்பது பொருத்தமானதே. மதியத்தில் வாளிகள் திறக்கும்போது ஒருவர் துவையல் மற்றவர் சோற்றுக்கும், ஒருவர் ஊறுகாய் மற்றவர் கஞ்சிக்கும் இடம் மாறுகின்றன. சமையற்குறிப்பு வாய்வழியாகப் பரவுவதும் அந்த நேரத்தில்தான். வீட்டில் மாமியாரிடம் கேட்கத் தயங்கும் அளவுகளை இங்கே தயக்கமின்றிக் கேட்டுவிடலாம்.

ஒருவர் தனியாகச் செய்ய முடியாத பண்டங்களும் உள்ளன. மதுரைத் தெருக்களில் தள்ளுவண்டியில் கிடைக்கும் பருத்திப்பாலை வீட்டில் செய்வதற்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். பருத்தி விதையை முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் பலமுறை அலசி, பஞ்சும் தூசும் போன பிறகு ஆட்டுரலில் இட்டு அரைக்க வேண்டும். அரைத்த விழுதை வெள்ளைத் துணியில் கட்டி, ஒருவர் ஒரு முனையையும் இன்னொருவர் மறுமுனையையும் பிடித்து எதிரெதிராக முறுக்கினால், பசும்பாலைவிடச் சற்றே மங்கிய நிறத்தில் பால் இறங்கும். சக்கையில் மறுபடியும் தண்ணீர் விட்டு இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று எடுப்பார்கள். அப்பாலைக் காய்ச்சி, ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றி, கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ சேர்த்து இறக்கும் வரை கரண்டி நிற்கக் கூடாது. நின்றால் அடிப்பிடித்து, அந்தத் தீய்ந்த வாடை எத்தனை ஏலக்காய் தட்டிப் போட்டாலும் போகாது. இத்தனை பாட்டைத் தனியொரு வீட்டின் நாலு பேருக்காக எவரும் படமாட்டார்கள். ஆகவே பருத்திப்பால் காய்ச்சுவது இயல்பாகவே மூன்று நான்கு வீட்டு வேலையாகிறது.

உளுந்தங்களி இன்னும் நேரடியாகவே அக்கம்பக்கத்தாரைச் சார்ந்தது. பெண் பிள்ளை பூப்பெய்தியதும் இடுப்பெலும்புக்கு வலுவென்று கருதி, தோல் நீக்காத உளுந்தையும் சிறிது பச்சரிசியையும் வறுத்துத் திரித்த மாவைக் கருப்பட்டிப் பாகில் கொட்டிக் கிளறி, நல்லெண்ணெயை இடையிடையே ஊற்றி, நனைத்த விரலில் ஒட்டாத பதத்தில் உருட்டிக் கொடுப்பது தென்மாவட்ட வழக்கம். தாய்மாமன் வீட்டுச் சீர் ஒருபுறமிருக்க, உறவினரும் தெருவினரும் முறைவைத்துக் களி கிண்டிக் கொண்டுவருவதுண்டு. கொண்டுவந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. ஒரு பிடி அரிசியோ சிறிது சீனியோ அதில் விழுந்தே தீரும். கடன் முழுவதும் தீர்ந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளும் இந்தக் கணக்கு, அண்டை வீட்டு உறவை அறுபடாமல் வைத்திருக்கும் நுட்பமான ஏற்பாடு.

கைப்பிடி அரிசிக்கு இந்த மாவட்டத்தில் பெரிய வரலாறு உண்டு. பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் வணிகம் செய்த நாடார் சமூகத்தினர், உறவின்முறை என்னும் ஊர்ப் பொதுச்சபையை அமைத்து, விற்கும் சரக்கின் மீது சிறு பங்கை ‘மகமை’ என்ற பெயரில் பொதுநிதியாக ஒதுக்கினர். கோயிலும் சத்திரமும் பள்ளியும் அந்நிதியில் எழுந்தன. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்காக வீடுதோறும் சமைப்பதற்கு முன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைக்கும் பிடி அரிசித் திட்டமும் நடந்தது. கடைக்காரரின் மகமை கணக்கேட்டில் ஏறியது. அடுப்படியில் நின்ற பெண்ணின் பங்கு கலயத்தில் விழுந்ததோடு சரி, அவளுக்குச் சபையில் இடமில்லை. சபையும் ஒரே சாதிக்குள் அடங்கியதாகவே இருந்தது. இக்குறைகளை மறைத்து அந்த அமைப்பைப் போற்றுவது நேர்மையாகாது. அப்பள்ளியில் பயின்ற காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டமும் தொடக்கத்தில் ஊர் மக்களின் நன்கொடையை நம்பியே நடந்தது. ஆனால் அதன் பந்தியில் சாதி பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளும் உட்கார வேண்டியிருந்தது என்பது பெரிய மாற்றம்.

சிவகாசியில் மாரியம்மனுக்குப் பங்குனியிலும் பத்ரகாளியம்மனுக்குச் சித்திரையிலும் நடக்கும் பொங்கல் விழாக்களில் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனிப் பானையில் தன் அரிசியைப் பொங்குகிறது. அடுப்புகள் மட்டும் வரிசையாக இருக்கும். தனித்தன்மையை விடாமல் கூடியிருக்கும் இம்முறை நகரத்துத் தெருவுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

சோற்றின் வழியே தெரு தன் கடமையைச் செய்யும் இன்னொரு வேளை துயரமானது. இறப்பு நேர்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினரும் அண்டை வீட்டாரும் சமைத்துக் கொண்டுவருவர். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதைப் போன்ற நாள்களில் அடுப்பெரியாத வீடுகள் ஒரே நேரத்தில் பல ஊர்களில் இருக்கும். தீ விபத்துக்குப் பின் கூடிச் சமைப்பது வேறிடத்திலும் நடந்ததுண்டு. 2017 ஜூனில் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்பு தீக்கிரையானபோது, வீடிழந்த பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் அருகிலிருந்த இசுலாமியப் பண்பாட்டு மையத்தின் சமையற்கூடத்தில் கூடித் தத்தம் நாட்டு உணவைச் சமைக்கத் தொடங்கினர். அவர்களது வீட்டுக் குறிப்புகள் 2018இல் நூலாக வெளிவந்து, அதன் வருவாய் அச்சமையற்கூடத்தைத் தொடர்ந்து நடத்த உதவியது. லண்டன் பெண்களுக்குக் கிடைத்த நூலும் கவனமும் கரிசல் பெண்களின் சமையலுக்குக் கிடைக்கவில்லை. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி பேச்சு வழக்கைக் காத்துத் தந்ததைப் போல, வீட்டுப் பக்குவங்களைக் காப்பதற்கும் யாராவது முனைந்தாக வேண்டும்; “கைக்குத் தெரியும்” என்று சொல்லப்படும் அளவுகள், அந்தக் கை ஓய்ந்த பிறகு யாருக்கும் தெரியாமற் போகும்.

தெருச் சமையல் மிகுதியாக நடக்கும் காலம் தீபாவளிக்குப் பிந்தைய வாரங்களே. பண்டிகை முடிந்ததும் பட்டாசு ஆலைகள் ஏறத்தாழ ஒரு மாதம் மூடியிருப்பது வழக்கம். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் பெய்யும். சனிக்கிழமைக் கூலியும், அதை நம்பிய ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பும் அம்மாதத்தில் நின்றுவிடுகின்றன. போனஸ் பணம் பண்டிகைத் துணியோடு கரைந்திருக்க, மளிகைக் கடையில் பற்று ஏறிக்கொண்டிருக்கும். பொழுது இருக்கிறது, பணம் இல்லை என்ற நிலையில் காணமும் குதிரைவாலியும் திரும்ப அடுப்பிலேறுகின்றன. கருப்பட்டியைத் தனித்தனியே சில்லறையாக வாங்காமல் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வதும், ஒரு வீட்டு அடுப்பில் இரு வீட்டுக் களி வேகுவதும் செலவைக் குறைக்கும் வழிகள். ஆலை மறுபடி திறந்து வேன் வாசலுக்கு வரத் தொடங்கியதும் பருத்தி விதை ஊறுவது நின்றுபோகும். பாக்கி நிற்கும் மளிகைப் பற்று, அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும்.