ஏலக்காய் பிரிக்கும் கைக்கு சர்டிபிகேட் உண்டா?

குடோன் வேலைக்கும் வந்துவிட்டது பரீட்சை!

போடிநாயக்கனூரில் ஏலக்காய் குடோன்களில் காய் பிரிக்கும் பெண்களிடம் ஒரு பிடி காயைக் கொடுத்துப் பாருங்கள். "இது எட்டு மில்லி, இது ஏழு, இது வெடிச்ச காய்" என்று கண்மூடித் திறப்பதற்குள் பிரித்துப் போட்டு விடுவார்கள். ஆண்டுக் கணக்கில் பழகிய கை! ஆனால் வேறு ஊரில், வேறு குடோனில் வேலை கேட்டுப் போனால் முதல் கேள்வியே, "பேப்பர் ஏதாச்சும் இருக்கா?" என்பதுதான். காட்ட ஒன்றும் கிடையாது.

தொங்கி வந்த தேயிலை

சரக்கு கையாளுவது குரங்கணி மலைக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன் வரை மலை ரயிலில் வரும். அங்கிருந்து 'ரோப்வே'யில் தொங்கியபடி 5 கிலோ மீட்டர் இறங்கி கொட்டகுடி சேரும். பிறகு மாட்டு வண்டியில் போடி. மலை ரயிலை 1924-ம் ஆண்டு வெள்ளம் கொண்டு போய் விட்டது. போடிக்கு ரயில் வந்ததே 1928-ல்தான்! அன்றைக்கு எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கிய ஆட்களிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

வெளிச்சமும் எதிரி

ஏலக்காயைப் பாதுகாப்பது லேசுப்பட்ட வேலை அல்ல. வெளிச்சம் பட்டால் பச்சை நிறம் வெளுக்கும், விலையும் போச்சு. அதனால்தான் சாக்குக்குள் கறுப்பு பாலிதீன் உறை. ஈரம் நூற்றுக்கு 10 பங்கு அளவில் நிற்க வேண்டும். கூடினால் பூஞ்சணம். பக்கத்தில் வேறு வாசனைச் சரக்கை அடுக்கினால் அதுவும் ஏறிக் கொள்ளும். 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' என்ற உயர்ந்த ரகம் என்றால் காய் 7 மில்லி மீட்டர் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் அளந்தால் 435 கிராம் நிற்க வேண்டும்.

ஒரகடம் பக்கம் கார் உதிரி பாகக் குடோனிலும் இதே சங்கதிதான். சரக்கை அடையாளம் காண், நம்பரைப் பார், அதனதன் இடத்தில் வை, முதலில் வந்ததை முதலில் அனுப்பு. ஒரு போல்ட் மாறிப் போனாலும் அங்கே தொழிற்சாலையில் வேலை நின்று விடும்!

இந்த வேலைகளுக்கு 'பிக்கர்', 'பேக்கர்' என்று பெயர் வைத்து, என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரையறுத்திருப்பது சரக்குப் போக்குவரத்துத் துறைக்கான திறன் கவுன்சில். அதன் தலைமை அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. 2015-ல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்கென்று தனி வழியும் வைத்தார்கள். மாதக் கணக்கில் படிக்க வேண்டாம். சிறிய வகுப்பு, பிறகு செய்து காட்டும் பரீட்சை. தேறினால் சான்றிதழ்.

மெஷின் வந்தாச்சு

நிறம் பார்த்துப் பிரிக்கும் மெஷின்கள் ஏலக்காய்த் தொழிலிலும் புகுந்து விட்டன. கைவேலை குறையும்போது, பழகியவர்களுக்கு அடுத்த வாசல் திறக்க அந்தக் காகிதம் உதவும். காகிதம் கிடைத்ததுமே சம்பளம் ஏறிவிடும் என்று மட்டும் நினைக்கக் கூடாது.

"பணம் கட்டுங்க, வேலை நிச்சயம்" என்று வரும் ஏஜெண்டுகளிடம் உஷார்! அரசுத் திட்டப் பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. மூட்டை தூக்கும் 'போர்க்லிப்ட்' வண்டி ஓட்டத் தனிப் பயிற்சி, தனிச் சான்றிதழ். அதில் பெண்களும் சேரலாம்.