சிறுநீரகத்தில் துளை ஆபரேஷன்: ரத்தம் பீறிட்டால் டாக்டர்கள் என்ன செய்வார்கள்?

சிறுநீரகத்தில் சின்ன கட்டி. வயிற்றில் 4 துளை போட்டு, கட்டியை மட்டும் வெட்டி எடுத்து சிறுநீரகத்தை காப்பாற்றலாம் என்கிறார்கள் டாக்டர்கள். ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பயம். "உள்ளே ரத்தம் கொட்டினா கையை விட்டு அமுக்கக்கூட முடியாதே?"

நியாயமான பயம்தான். இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு 2 சிறுநீரகங்களுக்கும் போகிறது. அதாவது நிமிடத்துக்கு சுமார் 1 லிட்டர்!

1990-ம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டாக்டர் ரால்ப் கிளேமன் குழுவினர், முதன்முதலாக துளை வழியாக முழு சிறுநீரகத்தை அகற்றினார்கள். முழுசாக எடுப்பதென்றால் ரத்தக்குழாயை ஒரேயடியாக அடைத்து விடலாம். கட்டியை மட்டும் எடுக்கும்போது அப்படி செய்ய முடியாது. அங்கேதான் சிக்கல்.

25 நிமிட கெடு

கட்டியை வெட்டும் முன், சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டு வரும் தமனியில் சின்ன கிளிப் மாட்டுவார்கள். தண்ணீர் டியூப்பை மடக்கி பிடித்த மாதிரி ரத்தம் நின்று விடும். ஆனால் ரத்தம் இல்லாமல் சிறுநீரகம் ரொம்ப நேரம் தாங்காது. சுமார் 25 நிமிடத்துக்குள் கட்டியை வெட்டி, தையல் போட்டு, கிளிப்பை கழற்றி விட பார்ப்பார்கள்.

வயிற்றுக்குள் நிரப்பும் கார்பன்-டை-ஆக்சைடு வாயுவின் அழுத்தமும் சிறிய ரத்தக்கசிவை அமுக்கி வைக்கும். அப்படியும் அடங்காவிட்டால் வயிற்றை திறந்து நிறுத்துவார்கள். இது தோல்வி அல்ல. உயிரை காப்பாற்றும் வழி.

மறைக்காதீங்க

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்பரின் போன்ற, ரத்தம் உறைவதை தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? டாக்டரிடம் கண்டிப்பாக சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது ஆபத்தாக முடியலாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் 2, 3 வாரம் உஷார். டாக்டர் சொல்லும் வரை மூட்டை, குடம் தூக்காதீர்கள். திடீரென சிறுநீர் சிவப்பாக போனால், கட்டி கட்டியாக ரத்தம் வந்தால், தலை சுற்றினால் 'காலையில பார்த்துக்கலாம்' என்று படுத்து விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை செலுத்தி, கசியும் ரத்தக்குழாயை மட்டும் அடைத்து விடலாம். பெரும்பாலும் மறு ஆபரேஷன் தேவைப்படாது.