எட்டாண்டுப் பூவும் ஒரு பேராசிரியரும்

செடியைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் போதுமா? பம்பாய் தூய சவேரியார் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த சந்தாபாவ் பாதிரியார் (1903–1970) மலையேறிச் சென்று செடிகளைப் பயின்றவர். ஸ்பெயினில் பிறந்த அவர், கண்டாலா மலைத் தாவரங்களைப் பற்றி 1953இல் நூல் வெளியிட்டார்; பின்னர் இந்தியத் தாவர ஆய்வுத்துறையின் இயக்குநரானார்; 1967இல் பத்மஸ்ரீ பெற்றார். பொதுமக்களுக்காக மரங்களைப் பற்றி எளிய நூலொன்றும் எழுதினார்.

அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று கார்வி. இது நம் குறிஞ்சியின் இனம். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். கார்வியோ எட்டாண்டுக்கு ஒருமுறை பூத்து, விதையிட்டு மடியும். போரிவலிக் காட்டில் 2016இலும் 2024இலும் பூத்தது. இனி 2032இல்தான். 2025இல் கல்லூரியில் சேர்ந்தோர் பட்டம் பெறும்வரை அதைக் காண இயலாது.

ஆயினும், மாதுங்கா, செம்பூர் நண்பர்களே! ஒரு ஞாயிறன்று ரயிலேறிச் சென்று, அதன் இலையையும் தண்டையும் அறிந்து வருவோம். பூக்கும் ஆண்டில் அடையாளம் தெரியும்.