விலக்கு நின்றபின் தோன்றும் உதிரம்

மாதவிலக்கு ஓராண்டுக் காலம் முற்றும் நின்றுவிட்ட பிறகு ஒரு துளி உதிரம் கண்டாலும், விலக்கு மீண்டும் வந்துவிட்டதென்று நாம் எண்ணலாகாது. வலி இல்லை, ஒருமுறைதான் கண்டது, வெறும் கறைதான் என்னும் சமாதானங்கள் இங்கே செல்லா. மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் தாய்மார்களுள் பலர் இதனை வெளியே சொல்லத் தயங்குகின்றனர். இந்த வயதில் இதைப் போய்ச் சொல்வதா என்ற கூச்சம் ஒன்று. மராத்தியில் பேச மகனையன்றோ துணைக்கு அழைக்கவேண்டும் என்ற சங்கடம் மற்றொன்று. ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்துவோரும் உளர். தாமதத்தால் ஆதாயம் அடைவது நோயே.

இவ்வுதிரத்திற்குக் காரணங்கள் பல. ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதால் உட்சவ்வு மெலிந்து கசிவதே பெரும்பான்மை. பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகவும், கருப்பையின் உட்சுவர் தடித்ததாகவும் இருக்கக்கூடும். இவ்வாறு உதிரம் காணும் 100 பெண்களில் ஏறத்தாழ 9 பேருக்கே கருப்பையில் புற்றுநோய் உள்ளது. ஆயினும், விலக்கு நின்றபின் அந்நோய்க்கு ஆளானோரில் 100-க்குச் சுமார் 90 பேரிடம் இவ்வுதிரம் காணப்படுகிறது. எனவே அஞ்சவும் வேண்டா. அசட்டை செய்யவும் வேண்டா. தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையாலேயே குணமாகும்.

கருப்பையின் வாயில் தோன்றும் புற்றும் இவ்வாறே உதிரம் காட்டும். பரேலில் 1941-இல் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனையார், 1998-இல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கினர். ஒரு பாதியினருக்கு, பத்தாவது வரை படித்துப் பயிற்சி பெற்ற பெண்களே வினிகர் தடவிப் பரிசோதித்தனர். அப்பிரிவில் இந்நோயால் நேர்ந்த மரணம் 31 விழுக்காடு குறைந்ததாக 2013-இல் அறிவித்தனர். ஆனால் அது அறிகுறி இல்லாதோருக்கான சோதனை. உதிரம் கண்டவருக்கு அது போதாது.

மருத்துவர் முதலில் கருப்பை வாயை நேரிற் பார்ப்பார். பின்னர் ஸ்கேன் மூலம் உட்சுவரின் கனத்தை அளப்பார். அது 4 மில்லிமீட்டருக்கு மேற்படாவிடில் பெரும்பாலும் கவலையில்லை. மிகுந்தாலோ, உதிரம் மீண்டும் கண்டாலோ, சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பர்.

தாராவியை அடுத்தே சயான் மருத்துவமனை இருக்கிறது. பெண் மருத்துவரே பார்க்கவேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. கடைசி விலக்கு எப்போது, உதிரம் எத்தனை நாள், உண்ணும் மருந்துகள் யாவை, நீரிழிவு உண்டா என்பவற்றைக் குறித்துச் செல்லுங்கள். மொழி தடையானால் இந்த ஒரு வாக்கியம் போதும்: "பாளி பந்த் ஜால்யாவர் அங்காவரூன் ரக்த ஜாத்தே." விலக்கு நின்றபின் உதிரம் போகிறது என்பது அதன் பொருள். மகனுக்காகக் காத்திராமல், தாமே சென்று சொல்லலாம்.